சுவரில் இருப்பவர்கள், வீட்டில் இருந்தவர்கள்

பினாங்கு ஆர்மீனியன் தெருவில் ஒரு பழைய சைக்கிள் சுவரோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்கிறது. சைக்கிள் நிஜம். அதன்மேல் அமர்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகள் ஓவியம்: முன்னால் அக்காள், பின்னால் அவளைக் கட்டிக்கொண்டிருக்கும் தம்பி. லிதுவேனியக் கலைஞர் எர்னஸ்ட் ஜக்கரேவிச் 2012ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுன் விழாவுக்காக வரைந்தது. ஓவியத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் எப்போதும் காலியாக இருக்கும். பள்ளி விடுமுறை நாளில் அந்த இடத்துக்கு வரிசை நிற்கும். வந்தவர் சைக்கிளைப் பிடித்துத் தள்ளுவதுபோல் நிற்பார், துணைக்கு வந்தவர் படம் எடுப்பார், அடுத்தவர் நகர்ந்து வருவார். மக்கள் பங்கேற்கும் பொதுக்கலை என்று பினாங்கில் பேச்செடுத்தால் பலரும் முதலில் சுட்டிக்காட்டுவது இதைத்தான்.

சுட்டிக்காட்டுவதில் தவறில்லை. ஓவியம் நன்றாக இருக்கிறது. அந்தக் காலியிடம் தற்செயலும் அல்ல. ஆனால் வீடு, குடியிருப்பு, ஊரோடு உள்ள உறவு என்பவற்றைப் பொருளாகக் கொண்ட கலை ஒரு நகரத்தில் பெருகும்போது, அந்த நகரத்தில் குடியிருப்பவர் அந்தக் கலைக்குள் எங்கே நிற்கிறார் என்று கேட்டாக வேண்டும். படத்தின் பொருளாகவா, படம் வரைகிறவராகவா, அல்லது வரிசையை விலக்கிக்கொண்டு தன் வீட்டுக் கதவைத் திறக்க முயல்கிறவராகவா? கடந்த கால் நூற்றாண்டில் ஜார்ஜ்டவுனில் நடந்ததைத் திரும்பிப் பார்த்தால், வருகிறவருக்கு விடப்பட்ட இடம் இருக்கிறவருக்கு விடப்படவில்லை என்றே எனக்குப் படுகிறது. விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் சில, நாம் கலை என்று எண்ணாத இடத்தில் இருக்கின்றன.

இதை வாடகைச் சட்டத்தில் தொடங்குவதுதான் முறை. ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்கள் இன்றுவரை பிழைத்து நிற்பதற்கு அழகுணர்ச்சி காரணம் இல்லை. போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகையை உயர்த்தவிடாமல் கட்டிப்போட்ட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் காரணம். 1966ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தால் கடைவீட்டுச் சொந்தக்காரருக்கு இடித்துக் கட்டவும் ஆசையில்லை, பழுது பார்க்கவும் மனமில்லை. குடியிருந்தவர்களோ பாட்டன் காலத்து வாடகையில் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். கீழே தொழில், மேலே குடும்பம், முன்னால் ஐந்தடி நடைபாதை. பூமாலை கட்டுகிறவர், மாவு அரைக்கிறவர், சொங்கோக் தொப்பி தைக்கிறவர், ஊதுபத்தி உருட்டுகிறவர், தகரப் பாத்திரம் தட்டுகிறவர் எல்லாருக்கும் நகரத்தின் நடுவில் இடம் இருந்தது. 1997இல் சட்டம் நீக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது காப்பு முழுவதும் விலகியது. வாடகை சில இடங்களில் பல மடங்கு ஏறியது. 'எஸ்.ஓ.எஸ்.' என்ற பெயரில் வாடகைக் குடிகளுக்கான அமைப்பு ஒன்று பினாங்கில் எழுந்து போராடியது. ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் ஆயர் ஈத்தாமுக்கும் பாயான் பாருவுக்கும் கடல் கடந்து செபராங் பிறைக்கும் போனார்கள். காலியான கடைவீடுகளில் குருவிக்கூட்டு வணிகம் நுழைந்தது. சன்னல்களை அடைத்து, பறவைக் குரலை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, மனிதர் இருந்த அறைகளில் உழவாரக் குருவிகளைக் குடியேற்றினார்கள். நகரத்தின் குடியிருப்பு வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் காட்சியை விட்டுவிடக் கூடாது.

இதற்கெல்லாம் பிறகுதான் யுனெஸ்கோ வந்தது. 2008 ஜூலை 7ஆம் நாள் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. ஜார்ஜ்டவுனின் மையப் பகுதி 109 ஹெக்டேர், சுற்றுக்காப்புப் பகுதி 150 ஹெக்டேர். பட்டியலில் இடம் கிடைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் கட்டடங்கள் மட்டும் இல்லை; பல இன, பல சமய வாழ்க்கை அங்கே இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்பதும் ஒன்று. அந்த வாழ்க்கையை நடத்தியவர்களில் பெரும்பகுதியினர் அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே வெளியேறத் தொடங்கிவிட்டார்கள். பட்டம் கிடைத்த பின் விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன, கட்டட விலை மறுபடி ஏறியது. மரபுரிமைப் பகுதிக்குள் குடியிருப்போர் தொகை 2009இல் பத்தாயிரத்தை ஒட்டி இருந்தது. அதன் பிறகு குறைந்துகொண்டேதான் வந்திருக்கிறது.

பொதுக்கலை இந்த நேரத்தில்தான் தெருவுக்கு வருகிறது. 2009இல் மாநில அரசு ஜார்ஜ்டவுனை அடையாளப்படுத்தும் கலைக்கான போட்டி ஒன்றை நடத்தியது. வென்றவர்கள் இரும்புக் கம்பியை வளைத்துக் கேலிச்சித்திரமாகச் சுவர்களில் பொருத்தினார்கள். மொத்தம் 52 சிற்பங்கள். மக்களின் குரல் என்பதுதான் அவர்கள் முன்வைத்த கருப்பொருள். தெருவின் பழைய தொழில், அங்கே வழங்கிய கதை, பெயர்க் காரணம் ஆகியவை நகைச்சுவையோடு சொல்லப்பட்டன. குறுகிய சந்தில் மூன்று சக்கர வண்டியான திரிஷாவை ஓட்ட முடியாமல் திணறுகிறவர் ஒரு சிற்பத்தில், பினாங்கில் செருப்புத் தைக்கப் பழகி உலகப் புகழ் பெற்ற ஜிம்மி சூ இன்னொன்றில். எனக்கு இந்தக் கம்பிச் சிற்பங்கள் பிடிக்கும். சுவர் ஓவியங்களைவிட இவற்றில் ஊர்ப்பேச்சு அதிகம், பாவனை குறைவு. ஆனாலும் 'மக்களின் குரல்' என்பது இங்கே சேகரித்துச் செப்பனிட்டுப் பொருத்தப்பட்ட குரல். ஒரு தெருவுக்கு எந்தக் கதை என்ற தேர்வு தெருவாசியின் கையில் இருக்கவில்லை. குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதே காலத்தில், 2008இல், மாநில அரசு மரபுரிமைப் பகுதியின் தெருப்பலகைகளில் மலாயுடன் தமிழும் சீனமும் அரபும் சேர்க்கத் தொடங்கியிருந்தது என்பதை நினைத்தால் இது சற்று உறுத்தும். பலகைக்குத் தமிழ் வந்தது, கதைக்கு வரவில்லை.

ஜக்கரேவிச்சின் ஓவியங்கள் 2012இல் வந்தபோது நிலைமை முற்றிலும் மாறியது. ஆர்மீனியன் தெரு சைக்கிள், ஆ குவீ தெருவில் நிஜ மோட்டார் சைக்கிள்மீது அமர்ந்த பையன், முந்திரி தெருவில் சன்னல்களைப் பிடித்துத் தொங்கும் நீல உடைச் சிறுமி, பினாங்கு சாலையில் ஓய்வெடுக்கும் திரிஷாக்காரர், சியூ துறையில் படகில் போகும் பிள்ளைகள். மாதிரியாக நின்ற பிள்ளைகளில் உள்ளூர்ப் பிள்ளைகளும் உண்டு. மறு ஆண்டே தெரு விலங்குகளுக்காகக் குரல்கொடுத்த கலைஞர்கள் '101 காணாமற்போன பூனைக்குட்டிகள்' என்ற திட்டத்தில் சுவர்தோறும் பூனைகளை வரைந்தார்கள். பிறகு நகரமெங்கும் யார் யாரோ வரையத் தொடங்கினார்கள். கடைக்காரர் தன் செலவில் ஓவியரை அழைத்து வரைந்துகொள்ளும் காலமும் வந்தது. ஜக்கரேவிச்சை இதற்குக் குற்றம் சொல்ல முடியாது. சுவர் ஓவியம் அழியக்கூடியது, அழியட்டும் என்றே அவர் பல முறை பேசியிருக்கிறார். சியூ துறையின் படகு வெயிலிலும் உப்புக் காற்றிலும் உரிந்து போயிற்று. ஓவியம் நிரந்தரமாக வேண்டும் என்று நின்றது சுற்றுலாத் துறைதான்.

சியூ துறையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெல்ட் கீ கரையில் கடலுக்குள் மரக்கால் ஊன்றிக் கட்டிய குலத் துறைகளில் ஒன்று அது. அவை லிம், சியூ, டான், லீ, இயோ என்று குலப்பெயரால் வழங்குகின்றன. நிலமே இல்லாத இடத்தில் வீடு கட்டியவர்கள் என்பதால் பட்டா இல்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தில்தான் தலைமுறைகள் கழிந்தன. கோய் துறையும் பெங் ஆன் துறையும் 2006இல் இடிக்கப்பட்டு அங்கே அடுக்குமாடி எழுந்தது. மிஞ்சியவற்றைக் காப்பாற்றியதில் மரபுரிமைப் பட்டத்துக்குப் பங்கு உண்டு. காப்பாற்றிய கையே கூட்டத்தையும் கொண்டுவந்தது. குடும்பம் சோறு உண்ணும் அறைக்குள் கேமரா எட்டிப் பார்க்கிறது என்பதால் வீட்டு வாசலில் 'படம் எடுக்க வேண்டாம்' என்று எழுதி மாட்டினார்கள், பார்வையாளருக்கு நேரம் குறித்தார்கள். வீடு என்பது என்ன என்பதைப் பற்றி அந்தத் துறையில் எழுந்த மிகத் தெளிவான கூற்று அந்த அட்டைதான். அதை வரைந்தவர் அங்கே வசிப்பவர்.

பங்கேற்பை அளக்க உலகம் சில அளவுகோல்களை வைத்திருக்கிறது. அமெரிக்க நகரத் திட்ட அறிஞர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் எட்டுப் படி கொண்ட ஏணி ஒன்றை வகுத்தார். அடிப்படியில் மக்களைக் கூட்டிவைத்து ஏமாற்றுவது, நடுவில் கருத்துக் கேட்டுவிட்டுத் தான் நினைத்ததைச் செய்வது, உச்சியில் முடிவெடுக்கும் அதிகாரம் மக்கள் கையில். கலை விமர்சகர் கிளேர் பிஷப் இதற்கு வேறு கோணத்தில் மறுப்புச் சொன்னார். எல்லாரையும் சேர்த்துக்கொண்டோம் என்ற நல்லெண்ணச் சான்றிதழ் கலைக்குத் தரம் ஆகாது, அப்படி அளந்தால் மந்தமான கலையெல்லாம் புண்ணியக் கணக்கில் தேறிவிடும் என்பது அவர் கவலை. இரண்டையும் ஒதுக்கிவிட முடியாது. எனினும் வீட்டைப் பற்றிய கலைக்கு வரும்போது நான் இன்னொரு கேள்வியையும் சேர்ப்பேன்: வேலை முடிந்து கலைஞர் ஊர் திரும்பிய பிறகு, உருவான பொருளும் அதில் சேர்ந்த அறிவும் யார் கையில் மிஞ்சுகின்றன?

இந்தக் கேள்விக்குப் பினாங்கிலேயே நேர்மையான விடை ஒன்று இருந்தது, சுவர் ஓவியங்களுக்கு ஏறத்தாழ பத்தாண்டு முந்தி. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த ஜேனட் பிள்ளை, சிறுவர் நாடகத்தில் ஏற்கனவே நெடுநாள் உழைத்தவர். 1990களின் இறுதியில் அவர் முன்நின்று தொடங்கிய கலைக்கல்வி முயற்சி பின்னாளில் 'ஆர்ட்ஸ்-எட்' என்ற அமைப்பாயிற்று. அதன் முதற்பெரும் திட்டத்தின் பெயர் 'அனாக்-அனாக் கோத்தா', அதாவது நகரத்துப் பிள்ளைகள். வாடகைக் காப்பு விலகிக் குடும்பங்கள் பெயர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், பள்ளிப் பிள்ளைகள் ஜார்ஜ்டவுன் தெருக்களுக்குள் அனுப்பப்பட்டார்கள். கைவினைஞரிடம் உட்கார்ந்து வேலை பழகினார்கள், மூத்தவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள், சந்தின் ஓசைகளைப் பதிவு செய்தார்கள், வரைபடம் தயாரித்தார்கள், கிடைத்ததையெல்லாம் நாடகமாகவும் இசையாகவும் நடனமாகவும் ஆக்கினார்கள். தீவின் மறுபக்கமான பாலிக் பூலாவிலும் பின்னர் இதே முறையில் பிள்ளைகள் தங்கள் ஊரை வரைபடமாக்கினார்கள்.

இங்கே கலைஞருக்கு இரண்டாம் இடம். பிள்ளைக்குச் சொல்லித் தருகிறவர் சொங்கோக் தைக்கிற பெரியவர். கலைஞர் அதற்கு வடிவம் தர உதவுகிறவர். சீனப் பிள்ளை தமிழ் முஸ்லிம் பட்டறையில் போய் உட்கார்ந்தது, மலாய்ப் பிள்ளை ஊதுபத்திக் கடையில் நின்றது. மலேசியாவில் இனவாரியாகப் பிரிந்த பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு பெரிய வெளி. ஜேனட் பிள்ளை 2013இல் வெளியிட்ட பண்பாட்டு வரைபடமாக்கல் பற்றிய கையேட்டில், ஓர் இடத்தில் என்ன கட்டடம் இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல் அங்கே யார் எதை எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் அந்த இடத்தார் தாமே பதிவு செய்யும் முறைகள் விரிவாக உள்ளன. அந்தத் திட்டங்களில் வளர்ந்தவர்களில் சிலர் இன்று கலைஞர்கள், ஆசிரியர்கள், மரபுரிமைப் பணியாளர்கள். ஒக்குய் லாலா என்ற பெயரில் இயங்கும் பினாங்குக் கலைஞர், இடம்பெயர்ந்து வந்த தொழிலாளர்களோடும் தன் குடும்பத்தோடும் சேர்ந்து வீடு, மொழி, குடியேற்றம் பற்றிச் செய்யும் காணொளிகளிலும் நிகழ்த்துகலைகளிலும் இந்தப் பள்ளியின் வாசனை உண்டு. அவர் கேள்வியும் கூர்மையானது. நம் பாட்டன்மார் வந்தேறிகளாக வந்து ஊர்க்காரர் ஆனார்கள். இன்று கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வருகிற பர்மியரும் இந்தோனேசியரும் வங்காளதேசியரும் எப்போது ஊர்க்காரர் ஆவார்கள்?

குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்த முயற்சிகளால் ஒரு குடும்பத்தின் வாடகைகூடக் குறையவில்லை. பிள்ளைகள் பதிவு செய்த பல கடைகள் அதன்பின் மூடப்பட்டன. கலை வீட்டைக் காப்பாற்றும் என்று யாரும் வாக்குத் தரவில்லை, தந்திருந்தால் அது பொய்யாகியிருக்கும். ஆனால் வெளியேறிய குடும்பங்களின் நினைவும் கைத்தொழில் நுணுக்கமும் அந்தப் பிள்ளைகளிடம் சென்று சேர்ந்தன. சைக்கிள் ஓவியத்தின் முன் எடுத்த படம் எடுத்தவருடைய கைப்பேசிக்குப் போகிறது. தெருவுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இனி, கலை என்று கணக்கில் வராதவற்றுக்கு வருவோம். மக்கள் பங்கேற்கும் பொதுக்கலை பினாங்குக்கு 2000களில் இறக்குமதியானது என்ற எண்ணம் தவறு. போரியாவை எடுத்துக்கொள்ளலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மதராஸ் படைப்பிரிவுகளோடு வந்த முஸ்லிம் சிப்பாய்கள் முஹர்ரம் மாதத்தில் நடத்திய நிகழ்ச்சி அது என்பதே பெருவழக்கான வரலாறு. தமிழ் முஸ்லிம்களும் கலப்பு வழியில் பிறந்த முஸ்லிம்களான ஜாவி பெரானாக்கான்களும் மலாய்க்காரர்களும் சேர்ந்து அதைப் பினாங்கின் சொந்தக் கலையாக மாற்றினார்கள். ஒரே உடையணிந்த குழு, முன்பாட்டுக்காரர் ஒருவர், பின்பாட்டும் ஆட்டமும், நடுவே கேலி நாடகம். குழு ஒவ்வொரு கம்பத்திலிருந்தும், அதாவது ஊர்க்குடியிருப்பிலிருந்தும், புறப்பட்டு வீடு வீடாகப் போகும். வாசலில் பாடும், வீட்டுக்காரரைப் புகழும், சில சமயம் குத்திக்காட்டும், பணம் வாங்கிக்கொண்டு நகரும். யார் வீட்டு வாசலில் யார் பாடினார்கள் என்பதே ஊரின் உறவு வரைபடம். பகை வரைபடமும் அதுதான்: 1867இல் பினாங்கு கலவரமாக வெடித்த பூசல் எழுந்தது முஹர்ரம் நாட்களில்தான், செங்கொடி, வெண்கொடி என்று பிரிந்து நின்ற முஸ்லிம் சங்கங்கள் சீன இரகசியச் சங்கங்களோடு கூட்டுச் சேர்ந்து மோதின. ஊரோடு ஒட்டி இருப்பது இனிமையான காரியம் மட்டும் அல்ல என்று நினைவூட்டுவதற்காகவே இதைச் சொல்கிறேன். சுவர் ஓவியங்களில் சண்டையே இல்லை. பிள்ளைகள் எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். போரியா இன்று பெரும்பாலும் மேடைப் போட்டியாகச் சுருங்கிவிட்டது. வாசல் போய், நடுவர் வந்துவிட்டார்.

தைப்பூசம் இன்னும் அப்படிச் சுருங்கவில்லை. பூசத்துக்கு முந்தைய நாள் காலையில் நகரத்தார் வெள்ளி ரதம் பினாங்கு தெருவிலுள்ள கோயில் வீட்டிலிருந்து புறப்படுகிறது. செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த தெரு அது. வட்டிக்கடையும் தெய்வமும் ஒரே கூரையின் கீழ் இருந்த ஏற்பாடு. தண்ணீர்மலை வரை வழிநெடுக ரதத்துக்கு முன் தேங்காய் உடைபடும். உடைக்கிறவர்களில் சீனர்கள் ஏராளம். சில இடங்களில் குவியலாகக் கொட்டிவைத்து, முழங்கால் அளவு ஓடு சேரும்வரை உடைப்பார்கள். அதன்பின் தண்ணீர்ப் பந்தல்கள். துறைமுகத் தொழிலாளர்கள், தொழிற்சாலைக் குழுக்கள், இளைஞர் அணிகள், வணிகர்கள் என்று ஆளுக்கொன்றாகத் தண்ணீர்மலைச் சாலை முழுதும் கட்டுகிறார்கள். வாழைமரமும் தோரணமும் கட்டியவை உண்டு. மலை, குகை, மயில், ஆறுமுகன் என்று வாரக்கணக்கில் செதுக்கி எழுப்பியவையும் உண்டு. யார் வந்தாலும் சோறும் மோரும். மூன்று நாள் கழித்து எல்லாம் பிரிக்கப்பட்டுவிடும்.

பங்கேற்புக் கலையின் பாடநூலில் எதிர்பார்க்கும் ஒவ்வொன்றும் இதில் இருக்கிறது. திட்டமிடுகிறவர், காசு போடுகிறவர், கட்டுகிறவர், அனுபவிக்கிறவர் எல்லாரும் ஊர்க்காரர்கள். இசை எவ்வளவு சத்தம் இருக்கலாம், பந்தலில் எந்தப் பாட்டு போடலாம், நுரைப்பலகை பயன்படுத்தலாமா என்று ஆண்டுதோறும் அதிகாரிகளோடும் தமக்குள்ளும் சச்சரவு நடக்கிறது. 2017இல் இந்து அறப்பணி வாரியம் தங்க ரதம் கொண்டுவந்தபோது, வெள்ளி ரதத்தோடு அது எப்படிச் சேர்ந்து போவது, எது யாருடைய விழா என்ற விவாதம் வீட்டுக்கு வீடு நடந்தது. எனக்கு அந்தச் சச்சரவே சான்று. தனக்கு உரிமையில்லாத ஒன்றைப் பற்றி யாரும் இவ்வளவு ஆத்திரத்தோடு பேசமாட்டார்கள். மாநில மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட வராத இந்தியர்கள் ஆண்டில் மூன்று நாள் நகரத்தின் முதன்மைச் சாலைகளைத் தாமே வடிவமைக்கிறார்கள். மீதி நாட்களில் அவர்கள் சுவரில் இருக்கிறார்கள்: கிளாங் தெருவில் ரஷ்யக் கலைஞர் யூலியா வோல்ச்கோவா வரைந்த இந்தியப் படகுக்காரர் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முகத்தின் சுருக்கங்களில் மதிப்பும் கவனமும் தெரியும் அழகான ஓவியம். துறைமுகத்தில் சரக்குப் படகு தள்ளிய ஆயிரக்கணக்கான தமிழர்களுக்கு அது ஒரு நினைவுச்சின்னம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்தப் படகுக்காரர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எந்த அடுக்குமாடியில் இருக்கிறார்கள், அவர்களிடம் துடுப்பு ஏதும் மிச்சமிருக்கிறதா என்று கேட்டு எழுந்த படைப்பு அல்ல அது.

கேட்டு எழுந்த படைப்பு எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழ் உலகில் நல்ல முன்மாதிரி யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. ஓவியரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவருமான தா. சனாதனன், 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடந்த கண்காட்சிக்காக நூற்றுக்கணக்கான வீடுகளிலிருந்து ஒவ்வொரு பொருளாகக் கேட்டு வாங்கினார். போர்க்காலத்தை அந்தக் குடும்பம் எதைக் கொண்டு நினைவில் வைத்திருக்கிறதோ அந்தப் பொருள். 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்ட நூலகத்தின் தட்டுகளில், புத்தகம் இருக்க வேண்டிய இடத்தில், வீடுகளிலிருந்து வந்த பொருள்கள். பிறகு 2010ஐ ஒட்டி வான்கூவரின் மானிடவியல் அருங்காட்சியகத்தில், கனடாவுக்குப் பெயர்ந்த தமிழர்கள் தங்கள் நாட்டையும் வீட்டையும் நினைவுபடுத்தும் பொருள்களைக் கொடுத்து அவரோடு சேர்ந்து இன்னொரு படைப்பை உருவாக்கினார்கள்.

2011இல் வெளிவந்த அவருடைய 'முற்றுப்பெறாத தோம்பு' இன்னும் கடுமையானது. தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வைத்திருந்த காணிப் பதிவேடு. போரில் வீடிழந்த தமிழ் பேசும் மக்களிடம் அவர் கேட்டது ஒன்றே: விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையுங்கள். ஓவியம் பழகாதவர்கள் வரைந்தார்கள். கிணறு, அடுக்களை, மாமரம், கோழிக்கூடு, சாமியறை. அளவுகள் தவறியிருக்கும், பின்வளவு வீட்டைவிடப் பெரிதாக விரிந்திருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் கட்டடக் கலைஞர் ஒருவர் முறையான வரைபடம் தயாரித்தார், சனாதனன் தன் ஓவியம் ஒன்றைச் சேர்த்தார். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக, அரசு அலுவலகக் கோப்பு போன்ற நூலாயின. கைநடுக்கத்தோடு வரைந்த கோடும் அளவுகோல் வைத்த கோடும் ஒத்துப்போகாத இடங்களில்தான் அந்தப் படைப்பு வாழ்கிறது. கிளேர் பிஷப் கேட்கும் கலைத்தரமும் ஆர்ன்ஸ்டைன் கேட்கும் அதிகாரமும் ஒன்றையொன்று விழுங்காமல் இருக்கலாம் என்பதற்கு நான் காட்டும் முதல் சான்று இதுதான். அரசுப் பதிவேட்டின் உருவத்தையே எடுத்துக்கொண்டு, அரசு பதியாததை அதில் எழுதிவைத்தது.

மறுபக்கத்துக்கும் எடுத்துக்காட்டு தேடி வெகுதூரம் போக வேண்டாம். சென்னையின் நீர்நிலை ஓரங்களிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களைக் கொண்டுபோய் இறக்கிய கண்ணகி நகரில், 2020இல் அடுக்குமாடிச் சுவர்களில் மாபெரும் ஓவியங்கள் வரையப்பட்டன. ஒரு கலை அறக்கட்டளையும் வண்ண நிறுவனமும் மாநகராட்சியும் சேர்ந்து செய்த வேலை. கெட்ட பெயர் சுமத்தப்பட்ட இடத்துக்கு வெளியூரார் மரியாதையோடு வந்து பார்த்தார்கள், அங்குள்ளவர்களுக்கு அதில் பெருமையும் இருந்தது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் நகரத்தின் நடுவிலிருந்து ஏன் இங்கே வந்தோம் என்ற கேள்வி அந்தச் சுவர்களில் இல்லை. மாறாக, லண்டனில் 1993இல் சிற்பி ரேச்சல் வைட்ரெட், இடிக்கப்படவிருந்த தொடர்வீட்டு வரிசையில் கடைசி வீட்டின் உட்புறத்தைக் கான்கிரீட்டில் வார்த்தெடுத்தார். யாரும் உள்ளே புக முடியாத வீடு. அதில் மக்கள் பங்கேற்பு என்று ஏதும் இல்லை. இருந்தும் அது நாளேடுகளிலும் நாடாளுமன்றத்திலும் விவாதமாயிற்று, 1994 ஜனவரியில் உள்ளூர் மன்றம் அதை இடித்தும் தள்ளியது. பங்கேற்பு மட்டுமே வழி இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். வீட்டைப் பற்றிய கலை ஏதோ ஒரு விதத்தில் குடியுரிமையின் நரம்பைத் தொட வேண்டும்.

பினாங்குத் தமிழருக்கு அந்த நரம்பு குளுகோர் பக்கத்தில் இருக்கிறது. கம்போங் புவா பாலா. பிரவுன் குடும்பத்தின் தோட்டத்தில் உழைத்தவர்களின் வழிவந்தவர்கள் மாடு வளர்த்து வாழ்ந்த கிராமம். மாட்டு மந்தையைப் பார்த்து வெளியார் அதற்கு ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் பெயரை வைத்து 'ஹை சாப்பரல்' என்று அழைத்தார்கள். பல தலைமுறைகளாக இருக்கிறோம் என்பது குடியிருந்தோரின் வாதம். பட்டா அவர்களிடம் இல்லை. நிலம் முந்தைய மாநில ஆட்சியின் காலத்தில் அரசு ஊழியர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய், அங்கிருந்து மேம்பாட்டாளர் கைக்கு வந்தது. 2008இல் ஆட்சி மாறியது, ஆனால் வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போயும் கிராமத்தாருக்குச் சாதகமாக முடியவில்லை. 2009 செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. உலக மரபுரிமைப் பட்டம் கிடைத்து ஓராண்டும் இரண்டு மாதமும் ஆகியிருந்தன; கம்பிச் சிற்பங்களுக்குப் போட்டி நடந்ததும் அதே ஆண்டுதான். மரபுரிமைக் கோட்டுக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளி இருந்ததால் ஒரு மாட்டுக் கொட்டகைக்கு மரபு என்ற தகுதி வாய்க்கவில்லை. மாற்று வீடுகள் பேசப்பட்டன, கொடுக்கவும்பட்டன. மாடுகளுக்கு மாற்று இடம் அந்தப் பேச்சில் சிறிய அடிக்குறிப்பு.

அந்தக் கிராமத்துக்கு ஒரு சுவர் ஓவியம் வரைவது எளிது. கொம்பில் வண்ணம் பூசிய மாடு, பொங்கல் பானை, சிரிக்கும் பாட்டி. அதை வேண்டாம் என்பேன். செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு, அதற்கு வேண்டியவையெல்லாம் ஏற்கனவே இருக்கின்றன. பிள்ளைகளைக் கொண்டு கேட்டுப் பதியும் முறை பினாங்கில் அனாக்-அனாக் கோத்தா காலத்திலிருந்து இருக்கிறது. நினைவிலிருந்து வரையச் சொல்லும் முறை யாழ்ப்பாணத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. கம்போங் புவா பாலாவில் பிறந்து வளர்ந்தவர்களில் பலர் இன்றும் தீவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் தம் வீட்டையும் கொட்டகையையும் கோயிலையும் ஒற்றையடிப் பாதையையும் வரையட்டும், பக்கத்தில் அந்தக் காணியின் அரசு அளவைப் படம் வைக்கப்படட்டும். எந்தத் தாள் கண்காட்சிக்குப் போகும், எது வீட்டிலேயே இருக்கும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். மூலப்படிகள் அவர்கள் வசமே இருக்க வேண்டும். காட்சிக்கு இடமாகத் தைப்பூசச் சாலையில் ஒரு தண்ணீர்ப் பந்தல் போதும். கூட்டத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை, பந்தல் கட்டத் தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. அங்கே மோர் குடிக்க நிற்பவர்களில் அந்தக் கிராமத்தில் பால் வாங்கிய வீட்டுக்காரர்களும், வழக்கு நடந்த நாட்களில் நாளேட்டில் செய்தியாக மட்டும் அதைப் படித்தவர்களும், அந்த நிலத்தில் இப்போது எழுந்து நிற்கும் வீடுகளில் குடியிருப்பவர்களும் இருப்பார்கள்.